வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம்: இருமொழி ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

பெங்களூருவில் வாழும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது: "நாங்கள் இருவரும் தமிழர்கள். மகனுக்கு ஐந்து வயது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். 'வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், இல்லையென்றால் பிள்ளை குழம்பிப்போவான்' என்கிறார் அவனுடைய ஆசிரியர். என் கணவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். ஆனால் இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகும், முதுமையில் மறதி நோய் தள்ளிப்போகும் என்றும் படிக்கிறேன். ஆய்வுகள் என்னதான் சொல்கின்றன?"

அம்மா, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். பிள்ளை குழம்பிப்போவான் என்பதற்கு ஆதாரம் கிடையாது. மூளை கூர்மையாகும் என்ற செய்தியையும் அப்படியே நம்ப வேண்டாம். அதன் அடித்தளம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆட்டம் கண்டுவிட்டது. இந்தத் துறையின் நூறாண்டு வரலாற்றைப் படித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று. இரண்டு மொழிகள் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பது, அவ்விரண்டுக்கும் அவனைச் சுற்றியுள்ளவர்கள் என்ன மதிப்புத் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. தனிமனிதரின் இருமொழித் திறன், சமூகத்தின் இருமொழி நிலை என்று பாடநூல்கள் இதை இரண்டு இயல்களாகப் பிரிக்கின்றன. வீட்டுக்குள் அப்படிப் பிரிக்க முடியாது.

ஆசிரியர் சொன்ன அச்சத்துக்கு வயது நூறு. 1923இல் டி. ஜே. சேர் என்பவர் வேல்ஸ் நாட்டில் 7 முதல் 14 வயது வரையுள்ள சுமார் 1,400 பிள்ளைகளைச் சோதித்து ஆய்வு வெளியிட்டார். வெல்ஷும் ஆங்கிலமும் பேசிய கிராமத்துப் பிள்ளைகள், ஒருமொழி மட்டும் பேசிய பிள்ளைகளைவிட நுண்ணறிவுச் சோதனையில் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தார்கள். இருமொழி மனத்தைக் குழப்புகிறது என்ற முடிவு அங்கிருந்து பரவியது. ஆனால் அதே ஆய்வில், நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லவே இல்லை. இருமொழிதான் காரணம் என்றால் நகரத்துப் பிள்ளையையும் அது தாக்கியிருக்க வேண்டாமா? யாரும் அங்கே நின்று யோசிக்கவில்லை. அமெரிக்காவிலோ புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சோதனை வைத்து, அவர்கள் பின்தங்கியதும் வீட்டு மொழியின் மேல் பழியைப் போட்டார்கள். ஃபுளோரன்ஸ் குட்இனஃப் போன்ற பெயர்பெற்ற உளவியலாளரே 1926இல் அப்படி எழுதினார். வறுமையை, பள்ளியின் தரத்தை, சோதனை எந்த மொழியில் நடந்தது என்பதையெல்லாம் கணக்கில் எடுக்காத ஆய்வுகள் அவை. உங்கள் ஆசிரியர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் அவர் வாயில் வந்தது அந்தக் காலத்து முடிவுதான்.

காற்று திசை மாறியது கனடாவின் மான்ட்ரியாலில். 1962இல் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். இம்முறை குடும்பத்தின் பொருளாதார நிலையைச் சமமாக்கிக்கொண்டார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாக அறிந்த பிள்ளைகள், ஒருமொழிப் பிள்ளைகளைப் பெரும்பாலான சோதனைகளில் முந்தினார்கள். இந்த ஆய்விலும் ஓட்டை உண்டு. இரு மொழியிலும் சமமாகத் தேர்ந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்தால், இயல்பிலேயே சூட்டிகையான பிள்ளைகள் அந்தக் குழுவில் கூடிவிடலாம். ஆனால் 'கெடுதல்' என்ற கதை அத்தோடு முடிந்தது.

லாம்பர்ட்டின் வேறொரு சோதனைதான் என்னை இதைவிட அதிகம் பாதித்தது. 1960இல் அவரும் கூட்டாளிகளும் இருமொழி அறிந்த சிலரை ஒரே பகுதியை ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை பிரெஞ்சிலும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். குரல்கள் ஒரே ஆட்களுடையவை என்பதைச் சொல்லாமல், 'இவர் எப்படிப்பட்டவர்?' என்று மான்ட்ரியால் மாணவர்களிடம் கேட்டார்கள். ஒரே மனிதர் ஆங்கிலத்தில் பேசும்போது அறிவாளியாகவும் நம்பத்தக்கவராகவும் தெரிந்தார். பிரெஞ்சில் பேசும்போது ஒரு படி இறங்கினார். ஆங்கிலம் பேசும் மாணவர்கள் அப்படி மதிப்பிட்டதில் வியப்பில்லை. பிரெஞ்சு மாணவர்களும் தங்கள் மொழிக் குரலைத் தாழ்வாகவே மதிப்பிட்டார்கள், பல பண்புகளில் ஆங்கில மாணவர்கள் மதிப்பிட்டதைவிடவும் தாழ்வாக. தன் மொழியைப் பற்றிய தாழ்வு மனத்தை ஊர் ஒரு பிள்ளைக்குள் எவ்வளவு ஆழமாக இறக்கிவிடுகிறது என்பதை அளந்து காட்டிய சோதனை அது.

பிறகு 1965இல், மான்ட்ரியாலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் போராடி, தங்கள் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு வழிக் கல்வி கிடைக்கச் செய்தார்கள். லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். பிரெஞ்சு நன்றாக வந்தது, ஆங்கிலம் குறையவில்லை. 'பார்த்தீர்களா, வேற்றுமொழி வழிக் கல்வியால் தாய்மொழி கெடாது' என்று இதை நம் ஊரில் ஆங்கில வழிக் கல்விக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. அது சரியல்ல. அங்கே வீட்டு மொழி ஆங்கிலம். கடை, தொலைக்காட்சி, வேலை எல்லாம் அந்த மொழியைத் தாங்கிப் பிடித்தன. அதை இழக்கும் வாய்ப்பே இல்லை. இந்த வேறுபாட்டை லாம்பர்ட்டே பின்னர் தெளிவாக்கினார். முதல் மொழி உறுதியாக இருக்க இரண்டாவது வந்து சேர்ந்தால் அது கூட்டும் இருமொழி. இரண்டாவது வந்து முதலாவதைப் படிப்படியாக வெளியேற்றினால் அது கழிக்கும் இருமொழி. உங்கள் வீட்டில் இப்போது தொடங்கியிருப்பது இரண்டாம் வகை.

இந்த இடத்தில் நம் நாட்டு ஆய்வு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகளைப் பேசும் நம் கட்டுரைகளில் இதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். ஒடிசாவின் பூல்பானிப் பகுதியில் கோந்த் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழி குயி. அப்பகுதியின் சில இடங்களில் குயியும் ஒடியாவும் சேர்ந்தே வழங்குகின்றன. வேறு சில இடங்களில் குயி மறைந்து, அதே கோந்த் மக்கள் ஒடியா மட்டும் பேசுகிறார்கள். பண்பாடு, தொழில், வறுமை எல்லாம் ஏறக்குறைய ஒன்று. மொழி நிலை மட்டும் வேறு. ஆய்வாளர் ஒருவர் வேண்டிக்கொண்டாலும் இப்படிப்பட்ட ஒப்பீடு அமையாது. உளவியலாளர் அஜித் மொகந்தி இங்கே பல ஆண்டுகள் வேலை செய்தார். மொழியைப் பற்றி யோசிக்கும் திறனிலும் பல அறிவுச் சோதனைகளிலும் இருமொழிப் பிள்ளைகளே மேலாக இருந்தார்கள். பள்ளிக்கே போகாத பிள்ளைகளையும் அவர் சோதித்தார். எனவே இது பள்ளிப் படிப்பின் விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. மைசூரின் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம் 1994இல் வெளியிட்ட அவருடைய நூலில் இந்த ஆய்வுகள் தொகுக்கப்பட்டுள்ளன. 'மொழியைப் பற்றி யோசிக்கும் திறன்' என்பதைக் கவனியுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் உண்டு என்று மூன்று வயதிலேயே தெரிந்துகொள்ளும் பிள்ளை, பெயர் என்பது மனிதர் வைத்தது என்பதைச் சீக்கிரம் உணர்கிறது. இருமொழியின் நன்மைகளில் நான் தயங்காமல் ஏற்பது இதைத்தான்.

மற்ற மூளைச் செய்திகளை வேகமாகக் கடந்துவிடலாம். டொரன்டோவின் எல்லன் பியாலிஸ்டாக் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு மிகவும் பெயர்பெற்றது. திரையில் ஒரு நிறச் சதுரம் தோன்றும். ஒரு நிறத்துக்கு இடப் பொத்தானையும் மற்றதற்கு வலப் பொத்தானையும் அழுத்த வேண்டும். சதுரம் எதிர்ப்பக்கத்தில் தோன்றினால் கை தடுமாறும். அந்தத் தாமதத்தை அளந்தார்கள். இருமொழியாளர்களுக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, தடுமாற்றம் குறைவாக இருந்தது. அந்த ஆய்வின் முதல் பகுதியில் இருமொழியாளர்களாக இருந்தவர்கள் இந்தியாவில் வாழும் தமிழ்–ஆங்கிலம் பேசுபவர்கள். ஒருமொழியாளர்கள் கனடாவில் இருந்தவர்கள். மொத்தம் 40 பேர்தான். இரு நாடுகளுக்கு இடையே மொழி ஒன்றுதான் வேறுபாடா என்ன? கென்னத் பாப் 2013இலேயே இத்தகைய முடிவுகளைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். சாதகமான முடிவுகள் இதழ்களில் அச்சேறும் வாய்ப்பு அதிகம் என்பதை 2015இல் ஆஞ்சலா டி புரூயின் குழு காட்டியது. 2018இல் மின்னா லெஹ்டோனென் குழு 152 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அந்தச் சாய்வைத் திருத்தியபோது சாதகம் மறைந்துபோனது. அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுள்ள 4,500க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் 2019இல் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. எனவே, 'கவனம் கூடும்' என்று நம்பித் தமிழ் பேசாதீர்கள்.

மறதி நோய் விஷயம் சற்று வேறு. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது. இருமொழியாளர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. டொரன்டோவில் 2007இல் கிடைத்த முடிவும் இதற்கு அருகில்தான். ஆனால் அங்கே இருமொழியாளர்களில் பலர் குடியேறியவர்கள் என்பதால் காரணத்தைப் பிரிப்பது கடினம். ஐதராபாத்தில் தெலுங்கு, உருது, இந்தி பேசுபவர்கள் அந்த ஊர்க்காரர்களே. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் வேறுபாடு தெரிந்தது. எனக்கு இந்த ஆய்வின் மேல் மதிப்பு அதிகம். ஆயினும் மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பார்க்காமல், நலமாக இருப்பவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் சிலவற்றில் இந்தப் பாதுகாப்பு தெரியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

இனி குழப்பத்துக்கு வருவோம். கருவில் இருந்தபோதே ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் மொழியான தகாலோகும் கேட்ட குழந்தைகளை, பிறந்த சில நாட்களுக்குள் வான்கூவரில் சோதித்தார்கள். அவர்கள் இரண்டு மொழிகளையும் பிரித்தறிந்தார்கள். அந்த முடிவு 2010இல் வந்தது. பிறந்த குழந்தைக்கே பிரித்தறிய முடிகிறது. பிறகு ஏன் உங்கள் மகன் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்கிறான்? நியூயார்க்கின் புவெர்ட்டோ ரிக்கோ மக்களிடம் ஷானா பாப்லாக் செய்த ஆய்வு 1980இல் வந்தது. வாக்கியத்தின் நடுவே மொழி மாறுவது, இரண்டையும் நன்றாக அறிந்தவர்களிடம்தான் மிகுதி. அரைகுறையாக அறிந்தவர்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் ஓரத்தில் ஒட்டும் சிறு சொற்களில்தான் மாற்றுகிறார்கள். கலப்பதற்கு இரண்டு இலக்கணமும் கைவசம் இருக்க வேண்டும். இரண்டு மொழியிலும் சொற்களைத் தனித்தனியே எண்ணினால் பிள்ளை பின்தங்கியவனாகத் தெரிவான். சேர்த்து எண்ணினால் அப்படித் தெரியாது. பிரான்சுவா குரோஜான் 1989இல் எழுதிய கட்டுரையின் கருத்து இதுதான்: இருமொழியாளர் இரண்டு ஒருமொழியாளர்களை ஒட்டிவைத்த உருவம் அல்லர். அவருக்குச் சமையலறையின் மொழி ஒன்று, கணக்கின் மொழி ஒன்று. இரண்டும் சேர்ந்ததே முழு மனிதர்.

அப்படியானால் கவலைப்பட ஒன்றும் இல்லையா? இருக்கிறது. அது மூளைக்குள் இல்லை, சமூகத்தில் இருக்கிறது.

இந்தியாவில் பல மொழிகள் பேசுவது நோயுமல்ல, சாதனையுமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 26 விழுக்காட்டினர் குறைந்தது இரண்டு மொழி அறிந்ததாகச் சொன்னார்கள். மும்பையில் மசாலாப் பொருள் வணிகம் செய்யும் ஒரு குஜராத்தி, வீடு, காய்கறிச் சந்தை, வணிகர் வட்டம், பால்காரர் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மொழி வைத்திருப்பதை மொழியியலாளர் பிரபோத் பண்டிட் எடுத்துக்காட்டினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர் மொழியை இழப்பது வழக்கம், காப்பது விதிவிலக்கு. இந்தியாவில் காப்பதே வழக்கம் என்பது அவர் வாதம். மதுரையின் சௌராஷ்டிரர்கள் நூற்றாண்டுகளாக வீட்டில் ஒரு மொழியும் வெளியில் தமிழும் பேசிவருவது அதற்கு நாம் அன்றாடம் காணும் சான்று. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் குப்வார் என்ற கிராமத்தை ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971இல் விவரித்தார்கள். கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றோடு சிறு அளவில் தெலுங்கும் பேசும் ஊர். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து பேசியதில் இலக்கணங்கள் நெருங்கி, ஒரு மொழி வாக்கியத்தை அடுத்த மொழிக்குச் சொல்லுக்குச் சொல் மாற்றும் அளவுக்கு வந்துவிட்டன. இருந்தும் எந்த மொழியும் சாகவில்லை. வீட்டின் மொழி வீட்டின் அடையாளமாகவே நின்றது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆஸ்திரியாவின் ஓபர்வார்ட் நிற்கிறது. ஹங்கேரிய எல்லையை ஒட்டிய ஊர். அங்கே ஹங்கேரியமும் ஜெர்மனும் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தன. அதனால் ஹங்கேரியம் தேயவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலை வேலை வந்தது. ஜெர்மன் தொழிலாளியின் மொழியானது, ஹங்கேரியம் குடியானவரின் மொழியானது. சூசன் கல் 1970களில் அங்கே தங்கி ஆராய்ந்தபோது, இளம்பெண்கள்தாம் ஜெர்மனுக்கு முதலில் நகர்வதைக் கண்டார். அவர்களுக்கு ஹங்கேரியத்தின் மேல் வெறுப்பு இல்லை. விடியற்காலையிலிருந்து மாட்டுக்கொட்டகையிலும் வயலிலும் உழைக்கும் குடியானவனின் மனைவியாக அவர்கள் விரும்பவில்லை. அந்த வாழ்க்கையை விலக்கியபோது, அதனுடைய மொழியும் கூடவே விலகியது. நானூறு ஆண்டு நிலைத்த இருமொழி இரண்டு மூன்று தலைமுறையில் கரையத் தொடங்கியது. இருமொழி பேசியதால் அங்கே ஒரு மொழி போகவில்லை. ஒரு மொழி ஒரு வாழ்க்கைத் தரத்தின் அடையாளமாகிவிட்டதால் போனது. தமிழ் பேசினால் பின்தங்கிவிடுவான் என்று ஐந்து வயதுப் பிள்ளையின் காதுபடச் சொல்லும்போது நாமும் அதையே செய்கிறோம். மான்ட்ரியால் மாணவர்கள் தங்கள் குரலைத் தாழ்வாக மதிப்பிடக் கற்றதும் இப்படித்தான்.

இனி உங்கள் வீடு. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் அன்னிக் டி ஹௌவர் 1,899 குடும்பங்களிடம் விசாரித்து 2007இல் வெளியிட்ட முடிவுகள் உங்களுக்கு நேரடியாக உதவும். பெற்றோர் இருவரும் வீட்டு மொழியையே பேசிய குடும்பங்களில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அதைப் பேசினார்கள். ஒருவர் வீட்டு மொழியும் மற்றவர் ஊர் மொழியும் பேசிய குடும்பங்களில், சுமார் நான்கில் ஒரு பிள்ளை வீட்டு மொழியைப் பேசவே இல்லை. 'ஒருவர் ஒரு மொழி' என்ற முறையைப் பெற்றோருக்கான புத்தகங்கள் பெரிதும் பரிந்துரைக்கின்றன. தன் மகன் லூயியைப் பிரெஞ்சும் ஜெர்மனுமாக வளர்த்ததைப் பற்றி ஜூல் ரொன்ஜா என்ற பிரெஞ்சு மொழியியலாளர் 1913இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது அது. தாயும் தந்தையும் வேறு வேறு மொழிக்காரர்களாக இருந்த வீடு அது. உங்கள் வீட்டில் இருவருமே தமிழர். உங்கள் கணவர் ஆங்கிலத்துக்கு மாறத் தேவையே இல்லை. அவர் மாறினால் மகனுக்குக் கிடைக்கும் ஆங்கிலம், பள்ளி எப்படியும் தரப்போவது. அவன் இழக்கும் தமிழை வேறு யாரும் தரப்போவதில்லை.

பள்ளியில் ஆங்கிலம் தாமதமாகுமே என்பது நியாயமான கவலை. கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் கனடாவில் கண்டது: பேச்சு வழக்கு ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், பாடநூலின் ஆங்கிலத்தில் சக மாணவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பிள்ளை சரளமாகப் பேசுவதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று எண்ணுவதும், முதல் ஆண்டில் திணறுவதைப் பார்த்து எல்லாம் போயிற்று என்று அஞ்சுவதும் இரண்டுமே பிழை. ஒரு மொழியில் கதை கேட்டு, காரணம் சொல்லி, கேள்வி கேட்டுப் பழகிய திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் அவர் கண்டதே. அரைகுறை ஆங்கிலத்தில் 'சாப்பிடு, தூங்கு, வீட்டுப்பாடம் செய்' என்று பேசுவதைவிட, உங்களுக்கு முழுதாக வரும் மொழியில் மழை ஏன் பெய்கிறது என்று அவனோடு விவாதிப்பதே அவனுடைய ஆங்கிலப் படிப்புக்கும் உதவும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் அரபு, கிரேக்கம் போன்றவற்றைக் கொண்டு விளக்கிய இரட்டை வழக்கு நம் மொழியிலும் உண்டு. பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடம் கட்டாயம். இருந்தும் அங்குள்ள இந்தியக் குடும்பங்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழியாக ஆங்கிலம் தமிழை முந்திவிட்டது. தமிழரல்லாத இந்தியர்களின் குடியேற்றமும் இதில் ஒரு பங்கு. ஆனால் எழுத்துத் தமிழை மட்டுமே பாடமாக்கியதால், பிள்ளைக்கு அந்தத் தமிழை வீட்டில் பேசிப் பயன்படுத்த வழியில்லாமல் போனதும் ஒரு காரணம் என்று பல கல்வியாளர்கள் சொன்னார்கள். 2005இல் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் தரப் பரிந்துரைத்தது. எனவே உங்கள் மகனுடன் எழுத்துத் தமிழில் பேச முயல வேண்டாம். 'சுத்தமாகப் பேசு' என்று திருத்திக்கொண்டே இருக்கவும் வேண்டாம். உங்கள் ஊர்த் தமிழை அப்படியே பேசுங்கள். எழுத்துத் தமிழ் கதைப் புத்தகத்தின் வழியே, நீங்கள் வாசிக்க அவன் கேட்பதில் தொடங்கி வரட்டும். பேச்சு மட்டும் இருந்து எழுத்து வராவிட்டால், பத்துப் பன்னிரண்டு வயதில் அவனுக்குத் தமிழில் பேசப் பொருள் குறைந்துவிடும். படிப்பது, யோசிப்பது எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கத் தொடங்கும் வயது அது.

கன்னடத்தைப் பற்றி நீங்கள் தனியாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவன் வாழும் ஊரின் மொழி அது; அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடினாலே காசு செலவின்றி வந்து சேரும். தமிழைக் காக்கிறோம் என்று அதைத் தடுக்கும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மாலையில் அவனைத் தெருவில் விளையாட விடுங்கள்; வீடு திரும்பியதும் அங்கே நடந்ததைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அதை உங்கள் கணவர் கேட்டால் இன்னும் நல்லது.